எண்ணெய் வண்ணம் கற்றவர் டிஜிட்டல் சர்ரியலிசத்துக்குப் போனால், கற்றது என்ன ஆகும்?

கேள்வி கேட்டவர் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் முடித்தவர். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், ஆளை நிறுத்திப் பார்த்து வரையும் லைஃப் டிராயிங் எல்லாம் முறையாகப் பயின்றிருக்கிறார். இப்போது அவர் மனம், கனவில் வருவதுபோன்ற பொருந்தாத காட்சிகளை வரையும் சர்ரியலிசத்தின் பக்கம் போகிறது, அதுவும் டேப்லெட்டில் வரைவதன் பக்கம். “இத்தனை நாள் உள்ளதை உள்ளபடி வரையக் கற்றேன். இனி இல்லாததை, அதையும் கணினியில் வரையப் போகிறேன். கற்றதெல்லாம் வீணா? எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்கிறார்.

வீணாகாது. உள்ளதை வரைகிறவரைவிட இல்லாததை வரைகிறவருக்குத்தான் அந்தப் பயிற்சி அதிகம் தேவைப்படும். ஒரு மாம்பழத்தை வரைகிறீர்கள். நிழல் கொஞ்சம் பிசகிப்போனாலும் பார்ப்பவர் அதை மாம்பழம் என்று ஏற்றுக்கொள்வார். அவர் ஆயிரம் மாம்பழம் பார்த்தவர். அதே மாம்பழத்தில் ஒரு சின்னக் கதவை வைத்து, திறந்த கதவுக்குள் கடல் தெரிவதுபோல வரைந்தால் அவருக்குப் பிடிமானம் எதுவும் கிடையாது. கதவின் விளிம்பில் வெளிச்சம் எப்படி விழுகிறது, கடலின் நீலம் பழத்தின் சதையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அவர் கண் அந்தக் காட்சியை நம்பும், அல்லது தள்ளிவிடும்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். இருபது ஆண்டுகள் எண்ணெய் வண்ணத்தில் வேலை செய்துவிட்டு டேப்லெட்டுக்கு வந்தவன் நான். கனவுதானே, எப்படி வேண்டுமானாலும் வரையலாம் என்று முதல் ஆண்டு நினைத்துக்கொண்டேன். பறக்கும் மீன், உருகும் கோபுரம், கண் முளைத்த மரம் என்று அறுபது எழுபது படம் போட்டிருப்பேன். ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. நண்பர்கள் பார்த்துவிட்டு “நல்லா இருக்கு” என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். எங்கே தவறு என்று பிடிபட, மாக்ரித்தின் ஒரு படத்தோடு பல நாள் உட்கார வேண்டியிருந்தது.

பெல்ஜியத்து ஓவியர் ரெனே மாக்ரித் 1949 முதல் திரும்பத் திரும்ப வரைந்த காட்சி அது. ‘ஒளியின் பேரரசு’ என்று பெயர். கீழே இரவு: ஒரு வீடு, கறுத்த மரங்கள், ஒரு தெருவிளக்கு, வெளிச்சம் தெரியும் ஜன்னல்கள். மேலே நடுப்பகல்: நீல வானம், வெள்ளை மேகம். அவ்வளவுதான். பூதம் இல்லை, உருகும் பொருள் இல்லை, சிறகு முளைத்த மனிதன் இல்லை. ஆனாலும் அதன் முன்னால் நிற்கும்போது வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறது. கீழ்ப்பாதியை மட்டும் தனியாகப் பாருங்கள், அப்பழுக்கில்லாத இரவுக் காட்சி. விளக்கின் மஞ்சள் சுவரில் எங்கே அடங்க வேண்டுமோ அங்கே அடங்குகிறது. மேற்பாதி எந்த ஊரிலும் காணக்கூடிய பகல். இரண்டுமே நிஜம். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்ததுதான் அவர் செய்த ஒரே காரியம். அந்த இரவு கொஞ்சம் போலியாக இருந்திருந்தால் படம் வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும்.

மாக்ரித் பிரஸ்ஸல்ஸ் கலை அகாடமியில் படித்தவர். பிறகு சுவர்க்காகிதத் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தார், விளம்பரப் படங்கள் வரைந்தார். சர்ரியலிச ஓவியர்கள் சல்வடோர் டாலி, ரெமெடியோஸ் வாரோ இருவரும் மாட்ரிட்டின் சான் ஃபெர்னாண்டோ அகாடமியில் பயின்றவர்கள். வாரோவின் தந்தை நீரியல் பொறியாளர். தன் தொழில்நுட்ப வரைபடங்களைப் பார்த்து வரையச் சொல்லி மகளுக்குக் கை பழக்கினார். பின்னாளில் மெக்சிகோவில் வாரோ வரைந்த விசித்திர இயந்திரங்களைப் பார்த்தால், பற்சக்கரமும் கயிறும் கப்பியும் உண்மையிலேயே சுழலும் என்று தோன்றும். அந்தக் கட்டுமானம் அப்பாவின் மேசையிலிருந்து வந்தது. டாலியின் உருகும் கடிகாரப் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். 1931-இல் வரைந்தது, அளவு வெறும் 24க்கு 33 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு ஏ4 தாள்தான். அதில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வலது மேல்மூலையில் வெயில் படும் பாறைகளைப் பாருங்கள். அவை டாலியின் ஊர்ப்பக்கத்துக் கடற்கரைப் பாறைகள், சின்ன வயதிலிருந்தே அவர் பார்த்து வளர்ந்தவை. அந்தப் பாறையின் நிஜம்தான் கடிகாரத்தின் பொய்யைத் தாங்கி நிற்கிறது.

ஆக, கல்லூரியில் பானையையும் துணியையும் வைத்து ஸ்டில் லைஃப் போட்டீர்களே, விழும் நிழலுக்கும் பொருளின் மேலேயே படியும் நிழலுக்கும் வித்தியாசம் பார்த்தீர்களே, பக்கத்துச் சிவப்புத் துணியின் நிறம் பித்தளைச் சொம்பில் ஏறுவதைக் கண்டுபிடித்தீர்களே, அதுதான் இனி உங்கள் மூலதனம்.

இப்போது டிஜிட்டல் பக்கம் வருவோம். இங்கே போலந்து ஓவியர் ஸ்ஜீஸ்வாஃப் பெக்ஷின்ஸ்கியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1929-இல் சானோக் என்ற ஊரில் பிறந்தவர், கிராக்கோவில் கட்டடக்கலை படித்தவர். முதலில் புகைப்படம், பிறகு எண்ணெய் வண்ணம். பலகைகளைத் தானே பூசித் தயார் செய்து, எலும்பும் துணியும் கட்டடமும் ஒன்றாகிப்போன நிலக்காட்சிகளை வரைந்தார். எந்தப் படத்துக்கும் தலைப்பு வைத்ததில்லை. 1990-களின் பிற்பகுதியில், எழுபது வயதை நெருங்கும்போது கணினியைக் கையில் எடுத்தார். புகைப்படங்களை வெட்டி ஒட்டி, கலந்து, டிஜிட்டல் படத்தொகுப்புகள் செய்தார். 2005-இல் இறந்தார்.

அந்த வயதில் புதுக் கருவியைத் தொட்ட துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் என் கணிப்பில் அவருடைய டிஜிட்டல் படங்கள் எண்ணெய் வண்ணப் படங்களின் பக்கத்தில் நிற்கவில்லை. இரண்டிலும் கற்பனை ஒன்றுதான், உலகமும் ஒன்றுதான். எண்ணெயில் ஒவ்வொரு விரற்கடையும் அவர் கையால் நெய்யப்பட்டது. ஒரு சுவரின் சொரசொரப்பு எங்கே முடிந்து மனிதத் தோல் எங்கே தொடங்குகிறது என்று அவரே தீர்மானித்தார். கணினியில் அந்தச் சொரசொரப்பு புகைப்படத்தோடு ரெடியாக வந்துவிட்டது. எளிதாக வந்த இடமெல்லாம் படத்தில் தெரிகிறது. நீங்கள் மறுக்கலாம். சானோக்கின் வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர் படைப்புகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது, படங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே பாருங்கள்.

நான் எடுத்துக்கொண்ட பாடம் இது. எண்ணெய் வண்ணம் நம்மோடு மல்லுக்கு நிற்கும். காய நாளாகும், கலந்த நிறம் மறுபடி கிடைக்காது, தப்பாகப் போட்டால் சுரண்ட வேண்டும். அந்த மல்லுக்கட்டில்தான் நாம் யோசிக்கிறோம். டேப்லெட் மல்லுக்கு நிற்பதே இல்லை. இரண்டு விரலால் தட்டினால் போட்ட கோடு மறைந்துவிடும். புரோகிரியேட் என்ற வரைகலைச் செயலியில் 250 படிவரை பின்னால் போகலாம். வந்த வேகத்தில் போய்விடும் கோட்டுக்கு யாரும் யோசிக்க மாட்டார்கள். அதனால் அந்தத் தடையை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். தொடங்கும்போதே படத்தின் அளவை முடிவு செய்துவிடுவேன், பாதியில் மாற்ற மாட்டேன். முதல் இரண்டு மணி நேரம் ஜூம் கிடையாது, முழுப் படமும் கண்ணில் இருக்க வேண்டும். ஜூம்தான் கல்லூரியில் படித்தவர்களைக் கெடுக்கும் முதல் ஆசை. கண் இமையின் மயிரை ஒரு மணி நேரம் வரைந்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் முகம் கோணியிருக்கும். ஈசலில் (படத்தை நிறுத்தி வைக்கும் தாங்கியில்) வரையும்போது நாலடி பின்னால் போய் நின்று பார்ப்போம் அல்லவா, அதற்கு ஈடாகப் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பார்க்கிறேன். அந்த அளவிலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று புரிய வேண்டும். அப்புறம் லேயர், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தனித்தனியே வரையும் அடுக்குகள்: ஐந்துக்கு மேல் போவதில்லை. முடிந்த பகுதியை ஒன்றாகச் சேர்த்துவிடுவேன், திரும்பிப் பிரிக்க முடியாதபடி. சேர்க்கும் அந்த நொடியில் மனதுக்குள் ஒரு பயம் வரும். அந்தப் பயம் வேண்டும்.

கைப்பழக்கத்திலும் ஒன்று கவனியுங்கள். ஈசலில் நாம் தோளிலிருந்து கோடு இழுக்கிறோம். டேப்லெட்டில் கை தானாக மணிக்கட்டுக்கு இறங்கிவிடும், கோடெல்லாம் குட்டையாகி, வளைவெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். சாய்வுப் பலகை ஒன்றில் டேப்லெட்டை நிறுத்தி வைத்தால் கொஞ்சம் சரியாகும். திரை இல்லாமல், கணினியோடு இணைத்து வரையும் பேட் வாங்கினால் கை மேசையிலும் கண் திரையிலும் இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் எரிச்சல் வரும், பிறகு பழகிவிடும். கண்ணாடிமேல் ஸ்டைலஸ் பேனா வழுக்குகிறது என்றால் தாள் போன்ற சொரசொரப்புள்ள மேலொட்டி கிடைக்கிறது.

நீங்கள் கற்ற பழைய முறை ஒன்று இங்கே அப்படியே கைகொடுக்கும். சாம்பல் நிறத்தில் முழுப் படத்தையும் முதலில் முடித்துவிட்டு, காய்ந்தபின் மெல்லிய வண்ணப் பூச்சை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவோமே, கிளேசிங், அதைத்தான் டிஜிட்டலில் மல்டிப்ளை லேயர் (அடியில் உள்ள ஒளிநிழல் தெரியும்படி நிறத்தை மேலே ஏற்றும் அடுக்கு) செய்கிறது. ஒளிநிழலைச் சாம்பலில் தீர்த்துவிட்டு, மேலே மல்டிப்ளையில் நிறம் ஏற்றுங்கள். சர்ரியல் படத்துக்கு இது மிகவும் உதவும். காரணம், பொருந்தாத இரண்டு பொருள்களை ஒட்ட வைப்பது அடியில் இருக்கும் அந்த ஒரே சாம்பல்தான். யானையும் அலமாரியும் ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றனவா என்பது சாம்பலிலேயே தெரிந்துவிடும், நிறம் அதை மறைக்காது.

நிறக் கலவையில் மட்டும் உங்கள் கை ஏமாறும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை என்று நம் விரலுக்கே தெரியும். பெரும்பாலான வரைகலை மென்பொருள்களில் சுத்த நீலத்தையும் சுத்த மஞ்சளையும் சமமாகக் கலந்தால் சாம்பல்தான் வரும். அங்கே கலப்பது ஒளியின் எண்கள், நிறமித் தூள் இல்லை. நிறமியைப் போலக் கலக்கும் வசதி ரெபெல் என்ற மென்பொருளின் புரோ பதிப்பில் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்திலிருந்து வருகிறவருக்கு அது வீட்டுக்கு வந்ததுபோல இருக்கும். இல்லாவிட்டால் பாலெட்டில் கலப்பதை விட்டுவிட்டு, வேண்டிய பச்சையை நேராகத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்துக்கு மாறுங்கள்.

அச்சுக்குப் போகும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. என் முதல் படத்தை அச்சடித்துக் கையில் வாங்கியபோது அழுகையே வந்தது. திரையில் ஊதாவும் நீலமுமாக ஒளிர்ந்த இரவு வானம், தாளில் சேறாகக் கிடந்தது. அச்சடித்தவர் மேல் தவறில்லை. திரை தானே ஒளி விடுகிறது. தாள் அறையின் ஒளியைத் திருப்பித் தருகிறது. திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து, இருட்டறையில் வரைந்தது என் தவறு. இப்போது திரை வெளிச்சத்தைக் குறைத்து, பகலில், ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைகிறேன். பாதி வேலையிலேயே ஒரு சின்னச் சோதனை அச்சு எடுத்துவிடுகிறேன். அளவும் முக்கியம். ஏ3 தாளில் நன்றாக வர வேண்டுமென்றால் 3508க்கு 4961 பிக்ஸல் வேண்டும். 1500 பிக்ஸலில் வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் உங்கள் தூரிகைத் தடமெல்லாம் மங்கிப்போகும்.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு நான் அதிகம் நேரம் செலவழிக்க மாட்டேன். கிரிட்டா இலவசம், வரைய அது போதும். ஐபேட் இருந்தால் புரோகிரியேட். படங்களை வெட்டிச் சேர்க்க ஃபோட்டோஷாப். மூன்றில் எதுவானாலும் ஓராண்டு மாற்றாமல் இருங்கள்.

சொரசொரப்பை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் வழி காட்டியிருக்கிறார். 1925-இல் ஒரு கடலோர விடுதியில் தங்கியிருந்தபோது, தேய்ந்துபோன மரத்தரையின் ரேகைகள் அவர் மனதை அலைக்கழித்தன. தாளைத் தரையில் வைத்துப் பென்சில் கரியால் தேய்த்தார். தேய்த்ததில் காடும் பறவையும் விலங்கும் எழுந்து வந்தன. நாம் சின்ன வயதில் நாணயத்தின்மேல் தாளை வைத்துத் தேய்த்ததுதான், வேறொன்றும் இல்லை. இணையத்தில் விற்கும் டெக்ஸ்சர் (மேற்பரப்பின் சொரசொரப்பு) தொகுப்பை வாங்காதீர்கள். ஒரு கட்டுத் தாளும் கரிக்கட்டியும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் சுற்றுங்கள். பனைமரத்தின் செதில், ஆட்டுக்கல்லின் கொத்து, காரை பெயர்ந்த சுண்ணாம்புச் சுவர், கோயில் கதவின் குமிழ். தேய்த்துக் கொண்டுவந்து 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து வையுங்கள். அந்தத் தடங்களை ஒரு உடலுக்குத் தோலாகப் போட்டுப் பாருங்கள். வேறு யார் படத்திலும் அது வராது. பெக்ஷின்ஸ்கிக்குப் புகைப்படம் ரெடியாகக் கொடுத்ததும் உங்கள் கை தேய்த்து எடுத்ததும் ஒன்றாகாது.

அடுத்து, எதை வரைவது. இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். சர்ரியலிசம் என்றதும் உருகும் கடிகாரத்தையும் பழத்தால் மறைந்த முகத்தையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவை டாலியின் கனவு, மாக்ரித்தின் கனவு. நீங்கள் கும்பகோணத்தில் நான்கு ஆண்டு இருந்தவர், பக்கத்திலேயே தாராசுரம். இரண்டாம் இராசராசன் காலத்து ஐராவதேசுவரர் கோயிலில் ரிஷபகுஞ்சரம் என்ற சின்னச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். தலை ஒன்று, உடல் இரண்டு. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. 12-ஆம் நூற்றாண்டில் ஒரு சிற்பி செய்தது. ஒன்பது பெண்கள் வளைந்து நெளிந்து ஒரே யானையாக நிற்கும் நவநாரீகுஞ்சரத்தையும் நம் கோயில்களில் காணலாம்.

இதை ‘நம்மிடம் அப்போதே சர்ரியலிசம் இருந்தது’ என்று பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சிற்பியின் மனம் வேறு, 1924-இல் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் எழுதிய சர்ரியலிச அறிக்கையின் மனம் வேறு. பிரெத்தோனுக்கு, ஆழ்மனதை ஆராய்ந்த ஃப்ராய்ட் வேண்டியிருந்தது, சிற்பிக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரே கோடு இரண்டு உயிருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற கைவேலைச் சிக்கல் சிற்பிக்கும் சர்ரியலிச ஓவியருக்கும் ஒன்றே. டாலி 1937-இல் ஏரியில் நிற்கும் அன்னங்களின் பிம்பம் யானைகளாகத் தெரியும்படி ஒரு படம் வரைந்தார். 1967-இல் ஏர் இந்தியாவுக்காக ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்தபோதும் அதே விளையாட்டை வைத்தார்: யானைத் தலையைக் கவிழ்த்தால் அன்னம், அன்னத்தைக் கவிழ்த்தால் யானை. கூலியாக அவர் கேட்டது ஒரு யானைக்குட்டி, அதையும் இந்தியாவிலிருந்து அனுப்பி வைத்தார்கள். தாராசுரத்துச் சிற்பத்தை ஸ்கெட்ச் புத்தகத்தில் பத்து முறை வரையுங்கள். காளையின் எந்தக் கோடு யானையின் எந்தக் கோடாக மாறுகிறது என்று கை கண்டுபிடிக்கட்டும். பிறகு உங்கள் வீட்டில் உள்ள இரண்டு பொருளை எடுத்து அதே மாதிரி ஒரு பொதுக்கோடு தேடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்பீர்கள். ஒரு வரி எழுதினால் படம் தரும் கருவிகளில் முதலில் பேர் வாங்கியவற்றில் ஒன்றுக்கு, 2021-இல், டாலியின் பெயரைச் சேர்த்தே பெயர் வைத்தார்கள். வினோதமான சேர்க்கையை அது நொடியில் செய்துவிடும். எனவே வினோதத்துக்கு மட்டும் இனி விலை இல்லை. முதல் ஓராண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள் என்பது என் கருத்து. தவறென்று சொல்லவில்லை. உங்களுக்குள் உருவம் திரளும் நேரத்தில், வெளியிலிருந்து வரும் பளபளப்பான படம் அதைக் கலைத்துவிடும். டாலி நாற்காலியில் சாய்ந்து, விரலிடுக்கில் ஒரு சாவியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துத் தூங்குவாராம். கண் அசந்ததும் சாவி தட்டில் விழுந்து எழுப்பிவிடும். அந்த நொடியில் கண்டதை வரைவார். சாவியும் தட்டும் உங்கள் வீட்டிலும் இருக்கின்றன.

தொடங்குவதற்கு ஒரு வேலை தருகிறேன். மாலை நாலு மணிக்கு உங்கள் அறையின் ஜன்னலோரம் ஒரு பித்தளைச் சொம்பை வையுங்கள். கல்லூரியில் போட்டதுபோலவே, எந்தக் கற்பனையும் கலக்காமல், முழு ஸ்டில் லைஃபாக டேப்லெட்டில் வரையுங்கள். மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். முடிந்ததும் மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே இடத்தில் உட்கார்ந்து, சொம்பின் நிழலை மட்டும் பார்த்து வரைந்து, மாலை நிழலை அழித்துவிட்டு அதன் இடத்தில் இதைப் போடுங்கள். மற்றது எதையும் தொடாதீர்கள். படத்தை வீட்டில் உள்ள ஒருவரிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டி, அவர் கண் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.